மண்டபத்து மீனும் மதுரை டீசலும்: கார்பனை எங்கே குறைப்பது?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் மீன் வியாபாரம் செய்கிறேன். இரண்டு குட்டியானை (சின்ன டீசல் லோடு வண்டி) வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள், காலை 5 மணிக்கு ஒன்று சுமார் 250 கிலோ மீனும் அதே அளவு ஐஸும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும். 6.30 மணிக்கு இன்னொன்று 70 கிலோ மீனோடு ராமநாதபுரத்தில் உள்ள எங்கள் கடைக்குப் போகும். கடையிலிருந்து இரண்டு பையன்கள் பைக்கில் வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள், ஆளுக்குத் தினமும் 60 கிலோமீட்டர் ஓடும். குட்டியானை இரண்டும் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகின்றன. எங்களிடம் மீன் வாங்கும் மதுரை ஓட்டல் ஒன்று, "உங்கள் டெலிவரியில் கார்பனைக் குறைக்க என்ன செய்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கிறது. மின்சார லோடு ஆட்டோ ஒன்று வாங்கிவிட்டால் போதுமா? தெர்மாகோல் பெட்டிக்கு மாற்று உண்டா?

பதில்: லோடு ஆட்டோவை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் புகை பெரும்பாலும் வருவது ராமநாதபுரம் தெருக்களில் இல்லை. மண்டபத்துக்கும் மதுரைக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் வருகிறது. அதை முதலில் கணக்காகப் பார்த்துவிடுவோம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். இனிக் கார்பன் என்று நான் சொல்வது இதைத்தான். மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போய்வர ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அதாவது 20 லிட்டர். ராமநாதபுரம் போய்வர 75 கிலோமீட்டர், 5 லிட்டர். நாளுக்கு 25 லிட்டர், வாரத்துக்கு 150 லிட்டர், சுமார் 400 கிலோ கார்பன். பைக் இரண்டும் சேர்ந்து குடிக்கும் பெட்ரோல் நாளுக்கு இரண்டரை லிட்டருக்குள்தான் இருக்கும், வாரத்துக்கு 35 கிலோ கார்பனைத் தாண்டாது. மின்சார வண்டி வாங்கி நீங்கள் மாற்றப்போவது இந்தச் சின்னத் துண்டை மட்டும்தான். 400 கிலோ அப்படியே நிற்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது வேறொன்று. மதுரை வண்டி ராமநாதபுரம் வழியாகத்தானே போகிறது? தேசிய நெடுஞ்சாலை 87 வேறு பக்கம் சுற்றவில்லை. 5 மணி வண்டி போன அதே சாலையில் ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு வண்டி 70 கிலோவுக்காக ஓடுகிறது. அந்த மீனை மதுரை வண்டியிலேயே ஏற்றி, ராமநாதபுரம் கடையில் பெட்டியை இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கடைக்கு ஒரு சாவி, வாங்கி வைக்க ஓர் ஆள், அவ்வளவுதான் செலவு.

அடுத்தது ஆறு நாள் என்ற வழக்கம். பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் கடலுக்குப் போகும் ஏற்பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீன் வரத்து தினமும் ஒரே மாதிரி இல்லை, வண்டி மட்டும் தினமும் ஒரே மாதிரி ஓடுகிறது. வரத்து நன்றாக இருக்கும் நான்கு நாட்களை மதுரை நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களிடம் அந்தக் கிழமைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஓட்டல் சமையல்காரர்கள் அதற்கேற்ப ஆர்டர் போடுவார்கள். அவர்களுக்கும் நேற்றைய மிச்ச மீன் வந்து சேராது என்ற நிம்மதி. மற்ற இரண்டு நாளும் சின்ன ஓட்டம், ராமநாதபுரம் மட்டும். இப்போது கூட்டிப் பாருங்கள்: மதுரைக்கு நான்கு தடவை 80 லிட்டர், ராமநாதபுரத்துக்கு இரண்டு தடவை 10 லிட்டர். 150 லிட்டர் 90 ஆகிவிட்டது. வண்டி எதையும் மாற்றாமலே டீசலில் நாற்பது சதவீதம் குறைகிறது.

வாரத்துக்கு 1,500 கிலோ மதுரை மீனை நான்கு தடவையில் அனுப்பினால் ஒரு லோடுக்கு 375 கிலோ, அதோடு ராமநாதபுரத்து 70. மொத்தம் 445 கிலோ மீன். மீன் அளவுக்கு ஐஸ் என்ற பழைய கணக்கில் போட்டால் முக்கால் டன் ஏற்றும் வண்டியில் இது ஏறாது. அதனால் ஐஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் அதிகம் வீணாவது ஐஸ்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் உருகினால் போதும். நூறு கிலோ மீனுக்கு முப்பத்துச் சொச்சம் கிலோ. படகிலேயே ஐஸ் போட்டு வந்த மீன் என்றால் இன்னும் குறைவு. அப்படியானால் நீங்கள் போடும் நூறு கிலோவில் மீதி எங்கே போகிறது? பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வரும் வெயிலை எதிர்த்து உருகுகிறது. மெல்லிய தெர்மாகோல், ஓரம் உடைந்த பெட்டி, சரியாக மூடாத மூடி, ஏலக்கூடத்து வெளியில் வெயிலில் நிற்கும் வண்டி, இவை தின்னும் ஐஸ் அது. ஐஸ் கம்பெனியில் ஒரு டன் ஐஸ் உறைய 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஆகிறது. அந்த ஐஸைச் சுமக்க டீசலும் ஆகிறது. அதன் தண்ணீர்தான் கடைசியில் சாலையில் ஒழுகிப் பின்னால் வரும் பைக்காரர் மேல் தெறிக்கிறது.

தெர்மாகோலுக்கு மாற்று கேட்டீர்கள். இரண்டு அடுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக் சுவர், நடுவில் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பெட்டிகள் கிடைக்கின்றன. விலை ஒரு தெர்மாகோல் பெட்டியோடு ஒப்பிட முடியாத அளவு அதிகம்தான். ஆனால் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் உழைக்கும். மூடியில் ரப்பர் விளிம்பும், அடியில் திருகு மூடி போட்ட வடிகாலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழுச் சுமையோடு இரண்டு பேர் தூக்க முடியாத பெரிய பெட்டி வேண்டாம். இறக்கும்போது தள்ளி உடைப்பார்கள்.

ஏற்றும் விதமும் முக்கியம். ஐஸ் பாரை நன்றாக உடையுங்கள், பெரிய கட்டி மீனைத் தொடுவது கொஞ்ச இடத்தில்தான். அடியில் ஓர் அடுக்கு, மீனுக்கு நடுவில், மேலே ஓர் அடுக்கு. முந்தின இரவே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வைத்தால் காலை ஐஸ் பெட்டியைக் குளிர வைப்பதில் செலவாகாது. மேலே வெள்ளைத் தார்ப்பாய். உருகும் தண்ணீர் பெட்டிக்குள் தேங்கக் கூடாது, ரோட்டிலும் விழக் கூடாது. ஒரு டியூப் வைத்துக் கேனில் பிடித்து, இறக்கும் இடத்துச் சாக்கடையில் ஊற்றலாம்.

இப்படிச் செய்தால் நான்கு மணி நேர மதுரைப் பயணத்துக்கு மீன் எடையில் பாதி ஐஸ் போதும் என்று எதிர்பார்க்கலாம். என் வார்த்தையை மட்டும் நம்பி ஒரு லோடு முழுவதையும் பணயம் வைக்காதீர்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரே ஒரு பெட்டியில் ஐஸைக் குறைத்து அனுப்பி, மதுரையில் இறக்கும்போது மீனின் நடுச் சதையில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் அடுத்த பெட்டியிலும் குறையுங்கள். மீன் கெட்டுப் போனால் அதைப் பிடிக்க எரிந்த படகு டீசலும் சேர்ந்து வீண். அதனால் சந்தேகம் வந்தால் ஐஸ் கூடுதலாகவே இருக்கட்டும். பாதி ஐஸ் நிலைத்துவிட்டால் 445 கிலோ மீன், 220 கிலோ ஐஸ், பெட்டிகள் எல்லாம் சேர்ந்து முக்கால் டன்னுக்குள் அடங்கிவிடும். வாரத்துக்கு ஒரு டன் அளவுக்கு ஐஸும் மிச்சமாகும்.

பெட்டி திரும்பி வருமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இரண்டு செட் வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிவிடுங்கள். நிறைந்த பெட்டியைக் கொடுக்கும்போதே போன தடவைக் காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வர வேண்டும், காலி வராவிட்டால் அந்தக் கடைக்கு அடுத்த லோடு தெர்மாகோலில்தான் என்று கறாராக இருங்கள். தெர்மாகோல் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உங்கள் ஊர்தான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஏழு மண்டபம் பக்கத்திலேயே இருக்கின்றன. உடைந்த தெர்மாகோல் கரையில் கிடந்து, காற்றில் பறந்து, அலையில் அரிசி அரிசியாக உதிர்ந்து பவளப்பாறைகள் இருக்கும் அந்தக் கடலுக்குள்தான் போகிறது. மீன்வாடை பிடித்த தெர்மாகோலைப் பழைய சாமான் எடுப்பவர்களும் சீண்ட மாட்டார்கள். உங்கள் பிழைப்பு தரும் கடலிலேயே அந்தக் குப்பை சேர வேண்டாம்.

மதுரையிலிருந்து வண்டி காலியாக வருவதையும் விடாதீர்கள். அந்த 150 கிலோமீட்டர் டீசலும் இப்போது முழுக்க உங்கள் மீன் கணக்கில்தான் ஏறுகிறது. காய்கறி ஏற்றச் சொல்ல எனக்கு மனமில்லை, மீன் வண்டியில் வாடை இருக்கும். வலை, கயிறு, படகுச் சாமான், ஹார்டுவேர் போன்ற லோடு பரவாயில்லை. பாம்பன், தங்கச்சிமடம் கடைக்காரர்களுக்கு மதுரையிலிருந்து வர வேண்டிய சரக்கு எப்போதும் இருக்கும். நான்கில் இரண்டு தடவை கிடைத்தாலே வாடகையும் வரும், அந்தத் தூரத்துக் கார்பனும் அந்தச் சரக்கின் கணக்குக்குப் போய்விடும். கருவாடு அனுப்புகிறீர்கள் என்றால் அதை இந்த வண்டியில் ஏற்றவே வேண்டாம். அதற்கு ஐஸ் தேவையில்லை, அவசரமும் இல்லை. வாடை கசியாமல் கட்டி ரயில் பார்சலிலோ பஸ் பார்சலிலோ போட்டுவிடுங்கள், எப்படியும் ஓடப்போகிற வண்டி அது.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். 70 கிலோ மீனை வீடு வீடாகக் கொடுக்க லோடு ஆட்டோ எதற்கு? இரண்டு மின்சார ஸ்கூட்டர் போதும். அதற்கும் முன்னால் போன் வந்ததும் ஒரு பையன் கிளம்புவதை நிறுத்துங்கள். 8 மணியோடு ஆர்டரை மூடி, தெரு வாரியாகப் பிரித்து, ஆளுக்கு ஒரே சுற்று. வீட்டில் ஆள் இருப்பார்களா என்று கிளம்பும் முன் ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஆளில்லாத வீட்டுக்கு இரண்டாவது தடவை போவதுதான் கிலோமீட்டரை ஏற்றுகிறது. 60 கிலோமீட்டர் பாதியாகக் குறைய வாய்ப்பு நிறைய இருக்கிறது.

நம் நாட்டுக் கரண்டில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரியது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் கணக்கு வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர், பெட்ரோல் பைக்கில் பாதிக்கு மேல் போகாது. கடை மாடியில் சூரியத் தகடு போட்டால் இன்னும் நல்லது. ஒரு கிலோவாட் தகடு தினமும் ஏறக்குறைய 4 யூனிட் தரும், இரண்டு ஸ்கூட்டருக்கு அதுவே தாராளம். மீன் டெலிவரி 11 மணிக்கு முடிந்துவிடும், வெயில் உச்சத்தில் இருக்கும்போது வண்டி சும்மா நிற்கும். இதைவிடப் பொருத்தமான தொழில் இந்த வெயிலுக்குக் கிடையாது. 648 மெகாவாட் கமுதி சூரிய மின் நிலையம் 2016-இல் இதே மாவட்டத்தில்தான் வந்தது. ஓடி வந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல் நிழலில் அரை மணி நேரம் ஆற விடுங்கள். உப்புக் காற்றுக்கும் ஐஸ் தண்ணீருக்கும் ஒயர் இணைப்புகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும், அதனால் பெட்டியின் வடிகால் வண்டியின் மேல் விழாத மாதிரி வைத்து, உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். தகட்டின் சட்டம் துத்தநாகப் பூச்சோ அலுமினியமோதான் இருக்க வேண்டும்.

ஓட்டலுக்கு எழுதிக் கொடுக்க ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் ஐந்து கலம்: கிலோமீட்டர், டீசல், போன மீன், வந்த சரக்கு, போட்ட ஐஸ். இப்போது ஒரு கிலோ மீனுக்கு உங்கள் குட்டியானைகள் விடும் கார்பன் சுமார் 0.21 கிலோ. மேலே சொன்ன ஓட்டத்துக்கு மாறினால் 0.13 ஆகும். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் கணக்கு காட்ட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருப்பதால், பெரிய ஓட்டல்கள் சரக்கு கொடுப்பவர்களிடம் இப்படிக் கேட்பது கூடத்தான் செய்யும். ஐஸ் கரண்டையும் ஸ்கூட்டரையும் தனி வரியில் காட்டுங்கள், கலக்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், லோடு லேசாக இருக்கும். பெட்டியில் ஐஸைக் குறைத்துப் பார்க்கும் சோதனையையும், மதுரைக் கடைகளோடு கிழமை பேசி முடிப்பதையும் அந்த நாட்களில் வைத்துக்கொண்டால், ஜூன் நடுவில் விசைப்படகுகள் இறங்கும்போது புது ஓட்டத்தில் ஆரம்பிக்கலாம்.