அழகுக்கு ஆமணக்கு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுத் தோட்டத்தில் அழகுச் செடியாக ஆமணக்கு வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, ஒரு நாயும் உண்டு. வாசல் ஓரம் சிவப்பிலை ஆமணக்கு வைக்க ஆசை. விஷச்செடி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கையில் கிடைத்ததை வாயில் போடும் வயது தாண்டட்டும்.

பயமுறுத்துவதில் உண்மை இருக்கிறது. ஆமணக்கு விதைக்குள் ரிசின் என்னும் புரதம் இருக்கிறது. உடலின் உயிரணுக்கள் புரதம் தயாரிக்கும் வேலையையே அது நிறுத்திவிடும். விதையின் ஓடு கெட்டி. அதனால் மெல்லாமல் முழுதாக விழுங்கிய விதை சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றால்தான் விஷம் முழுதாக இறங்கும். சில விதைகளே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். மினுமினுக்கும் புள்ளி போட்ட அந்த விதை குழந்தைக் கண்ணுக்கு மிட்டாய் மாதிரியே தெரியும். இலையிலும் தண்டிலும் ரிசினைன் என்ற வேறொரு நச்சு கொஞ்சம் உண்டு, ஆனால் பெரிய ஆபத்து விதையில்தான்.

விதையைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். வாயில் மிச்சமிருப்பதை எடுத்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விதையையோ காயையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். ரிசினுக்கு மாற்று மருந்து கிடையாது. நீர்ச்சத்தும் இரத்த அழுத்தமும் இறங்காமல் காப்பதே சிகிச்சை, ஆகவே எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. நாய் தின்றால் உடனே கால்நடை மருத்துவர்.

சிறு குழந்தையோ செல்லப்பிராணியோ இல்லாத வீட்டில், இதை இலைக்காக மட்டும் வளர்த்து, காய் பிடிக்கும் முன்பே பூக்குலையை வெட்டிவிடலாம். விதையே உருவாகாத செடியில் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். வாரம் ஒருமுறை கத்தரியோடு செடியைச் சுற்றிவர முடியாதவர்கள் இதை வைக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: பத்து விதை ஊன்றினேன். மூன்று வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகிக் கிடக்கின்றன. விதையின் குறையா?

பதில்: அழுகியிருந்தால் பெரும்பாலும் மண் குளிர்ந்தும் நனைந்தும் இருந்திருக்கும். ஆமணக்கு வெதுவெதுப்பான மண்ணில்தான் கண் திறக்கும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். மண் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விதை தூங்கும், கூடவே ஈரமும் நின்றால் அழுகும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கையுறை போட்டுக்கொண்டு விதைகளை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு, அதிகம் போனால் 24 மணி நேரம் ஊற வையுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், பழைய டப்பா போதும். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள். விதையின் மேலோட்டை உப்புத்தாளில் தேய்த்தால் சீக்கிரம் முளைக்கும் என்று சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்தத் தூள் நச்சோடு ஒவ்வாமையும் தரக்கூடியது. ஊறினாலே போதும்.

பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள, ஆழமான தொட்டிக்கு ஒரு விதை. இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு மேல்மண் காய்ந்த பின்புதான் அடுத்த தண்ணீர். முதலில் வருவது தடித்த இரண்டு விதையிலைகள். அவற்றில் விரல் பிரிவு இருக்காது. வேறு செடியோ என்று பிடுங்கிவிடாதீர்கள், அடுத்து வருவதில்தான் நட்சத்திர வடிவம் தெரியும். உண்மையான இலை இரண்டு முதல் நான்கு வந்ததும் மண்கட்டி உடையாமல் இடம் மாற்ற வேண்டும். ஆணிவேர் தொட்டியின் அடியைத் தொட்டுச் சுருண்டுவிட்டால் செடி பிறகு நிமிராது. உறைபனி விழும் இடங்களில், கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் ஊன்றிவிடுவது வழக்கம்.

கேள்வி: கருஞ்சிவப்பு ரகம் என்று விதை கொடுத்தார்கள். இளஞ்செடி சிவப்பாக இருந்தது, இப்போது இலையெல்லாம் பச்சையாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். சிவப்பு ரகங்களில் கொழுந்துதான் நல்ல நிறம் காட்டும். இலை முற்ற முற்ற வெண்கலமும் பச்சையும் கலந்து மங்குவது இயல்பு. நுனிக் கொழுந்தைப் பாருங்கள். அது சிவந்திருந்தால் ரகம் சரி. கொழுந்தே பச்சையாக வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெயில் பற்றாக்குறை: ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் நிறம் ஏறாது. மற்றொன்று கலப்பு: ஆமணக்கின் மகரந்தம் காற்றில் பறப்பது, பக்கத்தில் பச்சை ரகம் பூத்திருந்தால் அந்த விதையில் கலப்புச் செடிகள் வரத்தான் செய்யும்.

ரகம் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு வார்த்தை. கார்மென்சிட்டா வெண்கலச் சிவப்பு இலையும் பளீர் சிவப்புக் காயும் உடையது, ஆனால் காயை வளர விடக்கூடாது என்பதால் அதன் பாதி அழகு நமக்குக் கிடைக்காது. ஜிப்சோனி ரகத்தின் கருஞ்சிவப்பு இலையில் உலோகம் போன்ற பளபளப்பு இருக்கும். இலைக்காகவே வளர்ப்பவர்களுக்கு எங்கள் தேர்வு அதுதான். சான்சிபாரென்சிஸ் மிகப் பெரிய பச்சை இலையில் வெள்ளை நரம்பு ஓடும் ரகம், இடம் தாராளமாக இருந்தால் மட்டும். இம்பாலா சுமார் 1.2 மீட்டரில் நின்றுவிடும், தொட்டிக்கு ஏற்றது.

கேள்வி: மாடியில் 12 லிட்டர் தொட்டியில் வைத்தேன். ஒரு மீட்டர் வளர்ந்ததும் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மத்தியானமானால் வாடிவிடுகிறது.

பதில்: தொட்டி போதாது. இந்தச் செடியின் ஓர் இலையே இரண்டு கை அகலம் இருக்கும். அத்தனை இலையும் வெயிலில் குடிக்கும் தண்ணீரைப் 12 லிட்டர் மண் தாங்கிக் கொடுக்காது. 40 லிட்டருக்குக் குறையாத, கனமான, அடியில் துளைகள் உள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு மணல் என்ற கலவை போதும். கடும் வெயிலில் தினமும் தண்ணீர் வேண்டும். ஆனால் தட்டில் நீர் தேங்கினால் வேரழுகும்.

காலையில் நிமிர்ந்தும் மத்தியானம் தொங்கியும் இருந்தால் நீர்ப் பற்றாக்குறை. மண் ஈரமாக இருக்கும்போதே காலையிலும் தொங்கினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்லும். அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாவது வயதால் வருவது. வாரத்துக்கு மூன்று நான்கு என்று உதிர்ந்தால் ஊட்டம் தீர்ந்துவிட்டது என்று பொருள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள்.

கேள்வி: ஒரே காற்றில் இரண்டு மீட்டர் செடி அடியோடு சாய்ந்துவிட்டது. தண்டு முறிந்த இடத்தில் உள்ளே வெறும் ஓட்டை. பூச்சி குடைந்ததா?

பதில்: இல்லை. ஆமணக்குத் தண்டு இயல்பிலேயே உள்ளீடற்றது. பூச்சி குடைந்திருந்தால் சக்கையும் எச்சமும் இருக்கும், உங்களுக்குத் தெரிந்தது வழவழப்பான குழாயாக இருந்திருக்கும். தழைச்சத்து அதிகமாகி விறுவிறுவென்று வளர்ந்த செடிதான் இப்படிச் சாயும். நடும்போதே, வேரைக் குத்தாமல், தண்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி உறுதியான கம்பு ஒன்றை அரை மீட்டர் ஆழத்தில் இறக்குங்கள். துணிப்பட்டையால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, தண்டு பருக்கப் பருக்க மாற்றிக் கட்டுங்கள். செடிக்குச் செடி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளி.

கேள்வி: குலையை வெட்டச் சொல்கிறீர்கள். எப்போது, எங்கே வெட்டுவது?

பதில்: முதல் குலை நடுத்தண்டின் உச்சியில் வரும். அதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். கீழ்ப்பாதியில் இளமஞ்சள் பஞ்சுருண்டை போல இருப்பவை ஆண் பூக்கள். மேல்பாதியில் சின்ன முள்ளுருண்டையும் அதன் தலையில் பிளவுபட்ட சிவப்பு இழைகளும் தெரிகின்றனவே, அவை பெண் பூக்கள். அந்தச் சிவப்பு இழைகளை ஒரு வாரம் ரசிக்கலாம். இழை வாடி உருண்டை பருக்கத் தொடங்கியதும் கத்தரி எடுத்துவிட வேண்டும். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் பூக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள்.

குலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இலைக்கணுவுக்கு மேலே வெட்டுங்கள். கையுறை கட்டாயம், சாறு சிலருக்கு அரிப்பு தரும். ஒரு குலையை வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதன் கீழேயுள்ள கணுக்களிலிருந்து பக்கக்கிளைகள் கிளம்பும், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு குலை வரும். செடி அடர்த்தியாவது இதனால் கிடைக்கும் லாபம். பெரிய இலைக்குள் மறைந்த குலைதான் கண்ணுக்குத் தப்பும், அதனால் இலையை விலக்கிப் பாருங்கள். காய் பழுப்பாகிவிட்டால் வெயிலில் வெடித்து முத்துகளை, அதாவது விதைகளை, சில மீட்டர் தூரம்கூட எறிந்துவிடும். அந்நிலையில் கண்டால் முதலில் குலையின் மேல் ஒரு பையைக் கவிழ்த்துக் கட்டி, பிறகு வெட்டுங்கள்.

கேள்வி: இலைக்காம்பில் எறும்பு மொய்க்கிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். காம்பு இலையைத் தொடும் இடத்தில் குண்டூசித் தலை அளவில் சுரப்பிகள் இருக்கும், அவற்றில் கசியும் தேனுக்காக எறும்பு வருகிறது. செடிக்குக் கெடுதல் இல்லை.

கேள்வி: இரண்டே நாளில் இலையெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. விஷச்செடியைத் தின்பது எது?

பதில்: ஆமணக்கையே விரும்பித் தின்னும் காவடிப்புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுவுடலை வளைவாகத் தூக்கித் தூக்கி நடக்கும் புழு அது. சிறு புழு பச்சையைச் சுரண்டும், வளர்ந்த புழு நரம்பைத் தவிர எதையும் விடாது. மாலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கி, சோப்பு நீரில் போடுங்கள். நாலைந்து செடிக்கு அதுவே போதும். மிகுந்தால், புழு சிறியதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்தை உறையில் சொன்ன அளவில் தெளிக்கலாம்.

இலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை இலையின் அடிப்புறம் தண்ணீரைப் பீய்ச்சினாலே அடங்கும். சோப்பு கலந்த தெளிப்புகளை முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். தண்டிலும் இலையிலும் உள்ள வெண்பூச்சு கரைந்து திட்டுத் திட்டாகிவிட்டால் அழகுச் செடி என்ற பெயரே போய்விடும்.

கேள்வி: ஆமணக்குப் புண்ணாக்கை உரமாகப் போடலாமா? நாய் இருக்கிறது.

பதில்: நாய் இருக்கும் தோட்டத்தில் போடாதீர்கள். எண்ணெயில் ரிசின் கரையாது, பிழிந்த பின் அது சக்கையிலேயே தங்கிவிடும். சூடு கொடுத்து முறிக்காத புண்ணாக்கில் நச்சு அப்படியே இருக்கும். எலும்புத்தூளோடு கலந்திருந்தால் வாசனைக்கு நாய் தோண்டித் தின்னும். வீட்டில் முத்தை இடித்து எண்ணெய் எடுக்கும் முயற்சியும் வேண்டாம்.

கேள்வி: முத்துகளைக் கோத்து மாலை செய்யலாமா? பார்க்க அவ்வளவு அழகு.

பதில்: ஆமணக்கு முத்து ஆணிமுத்து ஆகாது. ஊசி குத்தியதும் அந்த ஓட்டின் காவல் போய்விடும், உள்ளிருப்பது வியர்வை படும் தோலுக்கும், மாலையைக் கடிக்கும் குழந்தைக்கும் நேராகத் திறந்துவிடும். செய்யாதீர்கள், யாரேனும் தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: செடியை எடுத்துவிட முடிவு செய்துவிட்டோம். எரிக்கலாமா, உரக்குழியில் போடலாமா?

பதில்: எரிக்க வேண்டாம். இலையும் தண்டும் உரக்குழிக்குப் போகலாம், ஆடுமாடு எட்டாத குழியாக இருக்கட்டும். காயும் விதையும் போகக்கூடாது. வீட்டுக் குழியின் சூட்டில் விதை சாகாமல் முளைத்துவிடும். அவற்றை இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். விதைக்கென்று சில முத்துகளை வைத்துக்கொள்வதானால், பெயரும் ‘விஷம்’ என்ற சொல்லும் எழுதிய மூடிய புட்டியில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். அவரை, மொச்சை விதைகளோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது.

செடி நின்ற இடத்தைச் சுற்றி நாலைந்து மீட்டர் வரை அடுத்த பருவத்திலும் கண் வைத்திருங்கள். தவறி விழுந்த முத்து மழைக்குப் பிறகு தானாக முளைக்கும். உறைபனி இல்லாத இடங்களில் ஆற்றோரம், தரிசு என்று பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிடும் இயல்பும் இதற்கு உண்டு. இரண்டு தடித்த விதையிலையோடு நிற்கும்போதே, ஈரமண்ணில் அடியைப் பிடித்து இழுத்தால் ஆணிவேர் முழுதாக வந்துவிடும். முழங்கால் உயரம் விட்டுவிட்டால் கடப்பாரைதான் தேவைப்படும்.