குளிர் இருந்தால் மட்டும் பனி விழாது
காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் கடைசியில் குல்மார்க் போகிறோம். கடுங்குளிர் காலம் என்கிறார்கள். பனிச்சறுக்கு விளையாடப் பனி கண்டிப்பாக இருக்கும்தானே?

கண்டிப்பாக என்று என்னால் சொல்ல முடியாது. குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். அதன் பிறகு 20 நாள் சில்லை குர்த், 10 நாள் சில்லை பச்சா. குளிர் இந்தக் கணக்குப்படி பெரும்பாலும் வந்துவிடும். பனி அப்படிக் கணக்குப் பார்த்து வராது.

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகிக் கிழக்கே நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் காஷ்மீரின் குளிர்காலப் பனிக்குக் காரணம். அந்த ஈரக்காற்று பீர் பஞ்சால் மலைகளில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டுகிறது. வங்கக் கடலில் தாழ்வுநிலை உருவாகாத கார்த்திகை மாதம் நமக்கு எப்படியோ, இடையூறு வராத ஜனவரி குல்மார்க்குக்கு அப்படி. வானத்தில் மேகமே இருக்காது. மேகமில்லாததால் தரையின் சூடு இரவில் தங்காமல் போய்விடும், குழாயில் தண்ணீர் உறையும். சரிவிலோ காய்ந்த புல் தெரியும். 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் அப்படித்தான் போயின. 2025-இல் பிப்ரவரி 22-க்குக் குறித்திருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள்.

அதனால் சறுக்குவதற்காகவே போகிறீர்கள் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் வையுங்கள். முடிந்தால் தேதியை மாற்றிக்கொள்ளும் வசதியோடு டிக்கெட் எடுங்கள். கிளம்பும் வாரத்தில் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இடையூறு வருகிறது என்று அதில் சொன்னால் சந்தோஷப்படலாம், கூடவே சாலையும் விமானமும் தாமதமாகும் என்று ஒரு நாளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. மலைக்கு ஏற்றிச் செல்லும் கயிற்று வண்டியான கொண்டோலாவில் உச்சி வரை கூட்டிப் போகலாமா?

முதல் கட்டம் வரை போகலாம், அதுவும் குல்மார்க் வந்த மறுநாள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம், குல்மார்க் 2,650. கொண்டோலாவின் முதல் கட்டம் கோங்தூரியில், ஏறக்குறைய 3,100 மீட்டரில் நிற்கும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. காலையில் ஸ்ரீநகரில் சாப்பிட்டுவிட்டு மதியம் அந்த உயரத்தில் நிற்பது இளைஞர்களுக்கே தலைவலி தரும். குளிரும் சேர்ந்துகொள்ளும்: ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு வைத்தால், குல்மார்க்கைவிட மேலே எட்டு டிகிரி குறைவு. காற்று அடித்தால் இன்னும் மோசம்.

ஒரு இரவு குல்மார்க்கில் தங்கட்டும். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் இவற்றில் தொந்தரவு இருந்தால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மேலே போன பிறகு தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று எது வந்தாலும் உடனே கீழே இறக்கிவிடுங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்று உட்கார வைக்காதீர்கள்.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. காலையில் நல்ல வெயில். ஆனால் மேல் சரிவுக்கு விடவில்லை. ஏன்?

ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அந்தக் காலைதான் மிக ஆபத்தானது. பழைய பனியின் மேல் புதுப் பனி இன்னும் ஒட்டிப் பிடித்திருக்காது. காற்று வேறு அதை ஒரே பக்கமாகக் குவித்து வைத்திருக்கும். ஒருவர் சறுக்கிக் கடந்தாலே அந்தப் பனி அடுக்கு மொத்தமும் பலகைபோல் பெயர்ந்து வரலாம். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். ரோந்துக் குழு சோதித்துத் திறந்துவிடும் வரை காத்திருங்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டித் தனியாகப் போகவே போகாதீர்கள். "எனக்கு ரகசிய வழி தெரியும்" என்று யாராவது கூப்பிட்டாலும் வேண்டாம்.

இதுவரை சறுக்கியதே இல்லை. இரண்டு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா?

நிற்கவும், ஆப்பு வடிவில் கால் வைத்து வேகத்தைக் குறைக்கவும் வந்துவிடும். அதற்குக் கொண்டோலா தேவையே இல்லை, கீழே இருக்கும் சாய்வான புல்வெளி போதும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் முழுக்கப் பக்கவாட்டில் படியேறுவதுபோல் சரிவில் ஏற வைத்தார். கால் வலித்தது, ஆனால் சறுக்குப் பலகையின் விளிம்பு பனியைக் கடிப்பது என்றால் என்ன என்று அதில்தான் புரிந்தது. நிறைய நாள் ஒதுக்க முடிந்தால், அங்கேயே இருக்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனத்தின் வகுப்பில் சேருங்கள்.

உறைநிலைக்குக் கீழே குளிரும்போது சன்ஸ்கிரீன் எதற்கு?

குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் பத்து சதவீதம் என்ற அளவில் அந்தக் கதிர் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துவாரத்தின் ஓரம், உதடு எல்லாவற்றிலும் தடவுங்கள். கறுப்புக் கண்ணாடியை மேகமூட்டமான நாளிலும் கழற்றாதீர்கள். கண் கூச்சமும் எரிச்சலும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் கண் புண்ணாகியிருக்கும். குழந்தைகளுக்கு முதலில் கண்ணாடி வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.