எல்லா எலக்ட்ரானிக் இசையையும் 'டெக்னோ' என்று சொன்னால் ரசிகர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

புதிதாகக் கேட்பவரின் காதில் முதலில் விழுவது 'டம் டம்' தாளமும் சிந்தசைசர் ஒலியும்தான். அதனால் எல்லாம் ஒன்றாகவே தெரியும், அதில் தப்பில்லை. ரசிகர் கவனிப்பது வேகம், டிரம் விழும் இடம், பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நகரும் விதம். ஹவுஸ் என்ற வகை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 தட்டு. ஒவ்வொரு தட்டிலும் 'டம்' என்று கிக் டிரம் விழும். டிரம் அண்ட் பேஸ் என்ற இன்னொரு வகை 170-ஐ ஒட்டி ஓடும், தாளம் உடைந்து உடைந்து வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் வித்தியாசம் புரிந்துவிடும்.

ஆனால் கோபத்துக்கு உண்மையான காரணம் தாளக் கணக்கு இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஊர்களும் மனிதர்களும் இருக்கிறார்கள். ஹவுஸ் 1980-களில் சிகாகோவில், கறுப்பின இளைஞர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் கூடிய கிளப்புகளில் வளர்ந்தது. ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜேயாக இருந்தார். டெக்னோவை டெட்ராய்ட்டில் உருவாக்கியவர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள். எல்லாவற்றையும் 'டெக்னோ' என்றோ 'ஈடிஎம்' (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) என்றோ ஒரே மூட்டையாகக் கட்டும்போது இவர்கள் காணாமல் போகிறார்கள். எனக்கும் அது வலிக்கும்.

சரி, ரசிகர்களுக்குள்ளாவது ஒற்றுமை உண்டா? அதுவும் இல்லை. டப்ஸ்டெப் என்ற வகை 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில் உருவானபோது இருண்டதாக, இடைவெளிகள் நிறைந்ததாக இருந்தது. அப்புறம் 2010 வாக்கில் ஸ்க்ரில்லெக்ஸ் போன்ற இசைக் கலைஞர்களின் உறுமும் பேஸ் அமெரிக்காவில் பிரபலமானது. பழைய ரசிகர்கள் பலர் அதை டப்ஸ்டெப் என்று ஏற்கவே மறுத்து, 'புரோஸ்டெப்' என்று தனிப்பெயர் கொடுத்து ஒதுக்கினார்கள்.