துக்கம் விசாரிக்கத் தெரியாத மேலாளர்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், மேலாளர் ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் நாள் முழுக்க வேடிக்கை பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, தம்பி.

'தி ஆபீஸ்' அமெரிக்கத் தொடரில் 2006இல் வந்த ஒரு பகுதி நினைவுக்கு வருகிறது. முன்னாள் மேலாளர் இறந்த செய்தி வந்ததும் இப்போதைய மேலாளர் மைக்கேல் ஸ்காட் ஊழியர்களை உட்காரவைத்துத் துக்கத்தைப் பேசச் சொல்லிப் படுத்தி எடுக்கிறார். கடைசியில் ஒரு செத்த பறவைக்கு வாகன நிறுத்துமிடத்தில் இறுதிச்சடங்கே நடத்துகிறார். தான் போனாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்களோ என்ற பயம்தான் அவரை அப்படி ஆட்டுகிறது. எனக்கு அதில் சிரிப்பே வரவில்லை.

தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் நான் கணக்கு எழுதிய காலத்தில் அம்மா இறந்தார். எங்கள் முதலாளியும் ஓயாமல் கிண்டல் பேசியவர்தான். ஒரு நாள் சாயங்காலம் பேரேட்டின் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். தன் அம்மா இறந்த அன்று தானும் கல்லாவில்தான் இருந்ததாகச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

உங்கள் மேலாளரை டீ நேரத்தில் தனியாகப் பாருங்கள். "சார், கொஞ்ச நாளைக்கு வேடிக்கை வேண்டாம், மனசு தாங்கவில்லை" என்று நேராகவே சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.