ஒரே வீட்டில் மூன்று கொடி: நான் எந்தக் கட்சியில் சேருவது?

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம். வயது 24. பி.காம். முடித்துவிட்டு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கும் படிக்கிறேன். ஒன்பது மா (மூன்று ஏக்கர்) கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். தாத்தா செங்கொடிக் கட்சி. அப்பாவுக்கு உதயசூரியன். மாமாவுக்கு இரட்டை இலை. என் தோழிகள் இரண்டு பேர் விஜய் கட்சியில் சேர்ந்து என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கும் அரசியலுக்கு வர ஆசைதான். ஆனால், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்கிறார் அம்மா. இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? நான் எதில் சேரலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அம்மா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பலமுறை ஏமாந்தவர்களின் பேச்சு அது, அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாக் கட்சியும் ஒன்று என்பது சரியில்லை. நீங்கள் சாகுபடி செய்கிற ஒன்பது மாவே அதற்குச் சாட்சி.

நம் பக்கத்தில் ஒரு வயல் என்றால் அதற்கு மூன்று பேர் உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரர், அது மிராசுதாரராகவும் இருக்கலாம், கோயிலாகவோ மடமாகவோ இருக்கலாம். குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். நடவுக்கும் அறுப்புக்கும் இறங்குகிற கூலியாள். இந்த மூன்று பேருக்குள் தகராறு இல்லாத வரைக்கும் எல்லாக் கட்சியும் 'விவசாயி' என்ற ஒரு வார்த்தையை வைத்துப் பேசிவிட்டுப் போய்விடும். குத்தகை பாக்கி என்று நோட்டீஸ் வரும்போது, கூலி போதாது என்று ஆட்கள் வயலில் இறங்க மறுக்கும்போது, எந்தக் கொடி யார் வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். கட்சிகளின் வித்தியாசத்தை நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

உங்கள் தாத்தாவின் கட்சி இந்த மண்ணில் வேர் விட்டதும் அப்படியொரு தகராறில்தான். பண்ணையாளுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம். கன்னடம் பேசும் பகுதியிலிருந்து வந்த பி. சீனிவாசராவ், 1943-ல் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற தென்பரையில் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. கொண்டுவந்தது ராஜாஜியின் காங்கிரஸ் அரசு, ஆனால் அதற்கு முன்னால் பத்து வருடம் வயலில் போராட்டம் நடந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றதுதான் அவர்கள் செய்த குற்றம். அப்போது ஆட்சியில் இருந்தது திமுக. அதே திமுக ஆட்சி 1970-ல் நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15-ஆகக் குறைத்தது. ஒரு கட்சியை அதன் நல்ல நாளை மட்டும் வைத்தும் எடை போடக்கூடாது, கெட்ட நாளை மட்டும் வைத்தும் போடக்கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

தாத்தா எந்தச் செங்கொடி என்று நீங்கள் எழுதவில்லை. கதிர் அரிவாளா, சுத்தியல் அரிவாளா? 1964-ல் அந்தக் கட்சி இரண்டாகப் பிரிந்தது. ஏன் பிரிந்தது, பிரிந்தபோது ஊரில் யார் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவரிடமே கேளுங்கள். புத்தகத்தில் கிடைக்காத விஷயமெல்லாம் வரும்.

அப்பா கட்சிக்கும் மாமா கட்சிக்கும் வேர் ஒன்று. அண்ணா 1949-ல் தொடங்கிய கழகத்திலிருந்து 1972-ல் எம்.ஜி.ஆர். பிரிந்து வந்தார். மாநில உரிமை, இடஒதுக்கீடு, இருமொழி ஆகியவற்றில் பெரிய வேறுபாடு தெரியாது. காவிரியிலும் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொள்ள உண்டு. 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தபோது இங்கே திமுக ஆட்சி. இறுதித் தீர்ப்பு 2013-ல் மத்திய அரசிதழில் ஏறியபோது அதிமுக ஆட்சி. வேறுபாடு வெளியே வந்த இடங்களைப் பாருங்கள். 2020-ல் பாஜக அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களை நாடாளுமன்றத்தில் அதிமுக ஆதரித்தது, திமுக எதிர்த்தது. அதே 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது அதிமுக அரசு. டெல்டாவில் நிலத்துக்கு அடியிலிருந்து வாயு எடுக்கிற மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் ஒப்பந்தம் போட்ட மாநில அரசு திமுகவுடையது, பிறகு அந்தக் கட்சியே எதிர்ப்புக்கு வந்தது. அப்பாவையும் மாமாவையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து இவற்றைக் கேளுங்கள். யார் தன் கட்சியின் தவறை ஒப்புக்கொண்டு பேசுகிறார் என்று கவனியுங்கள்.

காங்கிரஸ், பாஜக இரண்டுக்கும் கர்நாடகத்திலும் கிளை இருக்கிறது. காவிரியின் குறுக்கே மேகதாது அணை வேண்டும் என்று அங்கே காங்கிரஸ் 2022-ல் பாதயாத்திரை போனது, இங்கே அதே கட்சி எதிர்க்கிறது. கர்நாடகத்தில் பாஜக ஆட்சி அணை கட்டுவோம் என்றபோது, இங்கே அதன் அப்போதைய மாநிலத் தலைவர் தஞ்சாவூரில் உண்ணாவிரதம் இருந்தார். நாடு முழுதுக்குமான கேள்விகள் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்தக் கட்சிகளைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்தச் சங்கடம் உங்கள் கூடவே வரும். விசிகவுக்குத் தலித் விடுதலை, நாம் தமிழருக்குத் தமிழ்த் தேசியம் என்று மையம் வேறு. உங்கள் தோழிகள் சேர்ந்த கட்சி 2024-ல்தான் தொடங்கியது. நான் மேலே சொன்ன மாதிரித் தகராறுகளில் அது எங்கே நின்றது என்று காட்ட நீண்ட வரலாறு இல்லை. ஆகவே அதன் உள்ளூர் ஆட்களைத்தான் பார்க்க வேண்டும்.

'சேருவது' என்ற சொல்லுக்கே கட்சிக்குக் கட்சி அர்த்தம் மாறும். பாஜகவில் மிஸ்டு கால் கொடுத்துக்கூட உறுப்பினராகலாம் என்று வைத்திருந்தார்கள். கழகங்களில் படிவம் நிரப்பினால் அட்டை வந்துவிடும். மார்க்சிஸ்ட் கட்சியில் ஒரு வருடம் பரீட்சார்த்த உறுப்பினராக இருந்து, வருமானத்தில் ஒரு பங்கை லெவியாகக் கட்ட வேண்டும். நீங்கள் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்று முதலிலேயே உங்களுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அதைச் செய்யவில்லை. 22 வயதில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்சியில் சேர்ந்தேன். கொடியும் தலைவரும் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வருடம் நெல் கொள்முதலில் வியாபாரிகளின் மூட்டை விவசாயிகள் பேரில் உள்ளே போனது. எங்கள் கிளைச் செயலாளரின் மைத்துனரும் அந்த வியாபாரிகளில் ஒருவர். மகளிர் அணியில் இருந்த ஓர் அக்கா அதைக் கிளைக் கூட்டத்தில் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவருக்குத் தகவல் போகவில்லை, அதற்கடுத்ததற்கும் போகவில்லை. நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. எந்தக் கிளைக்குப் போனாலும் முதலில் இதை விசாரியுங்கள்: கடைசியாக இங்கே கேள்வி கேட்டவர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

பெண் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மகளிர் அணி என்றால் கூட்டத்துக்கு வேன் நிரப்புவது மட்டும்தானா, கிளையில் முடிவு எடுக்கும்போது பெண்களும் உட்காருகிறார்களா என்று பாருங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அதில் நின்று ஜெயித்த பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்காருகிறாரா என்பதையும் பாருங்கள்.

டிஎன்பிஎஸ்சி எழுதுகிறீர்கள். வேலை கிடைத்து அரசு ஊழியரானால் நன்னடத்தை விதிப்படி எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்க முடியாது. எனவே அட்டை வாங்குவதற்கு முன் இந்த இரண்டில் எது வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்.

எந்தக் கட்சி என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர்க் கிளைகளை நான் பார்த்ததில்லை, நீங்கள்தான் பார்க்க முடியும். அவசரப்படாமல் ஒரு சம்பா போகம் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்று விடுவதிலிருந்து கொள்முதல் முடிகிற வரை, வாய்க்கால் தூர்வாரலுக்கு யார் வந்தார், கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது யார் பேசினார், கூலித் தகராறில் யார் எங்கே நின்றார் என்று உங்கள் கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். நடுவில் அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டு நாளும் கிராம சபை வரும். ஊர் வாக்காளராக இருந்தால் போதும், அந்தக் கூட்டத்தில் பேச உங்களுக்குக் கட்சி அட்டை தேவையில்லை. உங்கள் வாய்க்காலைப் பற்றி எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். அன்றைக்கு உங்களுக்குத் துணையாகப் பேசியவர்கள் எந்தெந்தக் கட்சி என்று பார்த்து, அறுப்பு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.