மண்ணுக்கடியில் கிடக்கும் தாமிரத்துக்கு என்ன விலை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஜாம்பியாவில் உள்ள ஒரு சுரங்கத்தில் 10 லட்சம் டன் தாது இருப்பதாகவும், அதில் 1 சதவீதம் தாமிரம் என்பதால் அதன் மதிப்பு 9 கோடி டாலர் என்றும் சொல்லி, தெரிந்தவர் ஒருவர் பங்குக்கு 12 லட்சம் ரூபாய் கேட்கிறார். மாதம் 2 சதவீதம் நிச்சயம் வரும் என்கிறார். மகள் திருமணத்துக்குச் சேர்த்த பணம் இது. போடலாமா?

பதில்: போட வேண்டாம். காரணத்தை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். எரிந்துபோன மோட்டார் ஒன்று கடைக்கு வந்தால், ஸ்டேட்டருக்குள் வார்னிஷோடு இறுகிக் கிடக்கும் காயிலை வெட்டி இழுத்தெடுக்கும் கூலியையும், கழிவு எடையையும் கழித்துவிட்டுத்தானே தாமிரத்துக்கு விலை சொல்வீர்கள்? உங்களிடம் காட்டப்பட்ட கணக்கில் அந்தக் கழிவு எதுவுமே இல்லை. 10,000 டன் தாமிரத்தை டன்னுக்கு 9,000 டாலரால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே சுரங்கத்துக்கு ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாதுவை அரைத்துப் பிரிக்கும்போது 87 சதவீதம் தாமிரம் கைக்கு வருகிறது என்றும், அதில் சுமார் 96 சதவீதத்துக்கே உருக்காலை பணம் தருகிறது என்றும் கொண்டால், வரவு ஏறத்தாழ 7.5 கோடி டாலர். மேல்மண்ணை அகற்றுவது, தோண்டுவது, அரைப்பது, நிர்வாகம் எல்லாம் சேர்த்துத் தாது டன்னுக்கு 28 டாலர் என்றால் 2.8 கோடி போகும். உருக்குக் கூலி, லாரி, கப்பல், அரசுக்கான ராயல்டி ஆகியவற்றுக்கு இன்னொரு 1.2 கோடி. மிஞ்சுவது 3.5 கோடி. அதுவும் இன்று கிடைப்பதில்லை. 3 ஆண்டுகள் கட்டுமானம் முடிந்த பிறகு, 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 70 லட்சமாக வருகிறது என்று வைத்து, காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 12 சதவீத வீதத்தில் மதிப்பைக் குறைத்துக் கணக்கிட்டால், இன்றைய மதிப்பு சுமார் 1.8 கோடி டாலர்தான். சுரங்கத்தையும் ஆலையையும் அமைக்க 2.5 கோடி டாலர் முதலீடு தேவைப்பட்டால், வரிக்கு முன்பே இது நஷ்டத்தில் நிற்கும் திட்டம்.

விலை 10 சதவீதம் இறங்கினால் வரவில் 75 லட்சம் குறையும். செலவு அநேகமாக அப்படியே இருப்பதால், மிஞ்சும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். லண்டன் உலோகச் சந்தையில் 2011 தொடக்கத்தில் டன் 10,000 டாலரைத் தாண்டிய தாமிரம், 2016 ஜனவரியில் 4,500 டாலருக்கும் கீழே வந்தது. இப்படி ஆடும் வருமானத்திலிருந்து மாதம் 2 சதவீதம் நிச்சயம் என்று எந்தச் சுரங்கமும் சொல்ல முடியாது. எனக்கு மிகவும் கவலை தருவது அந்த ஒரு சொல்தான். நன்றாக ஓடும் சுரங்கமும் நின்றுபோகலாம்: பனாமா நாட்டின் கோப்ரே பனாமா தாமிரச் சுரங்கம், அரசோடு செய்த அதன் ஒப்பந்தம் அரசமைப்புக்கு முரணானது என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் மூடப்பட்டது.

தாமிரத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட் சுரங்கத்தை நடத்தும் ஹிந்துஸ்தான் காப்பர் போன்ற, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முதலில் படியுங்கள். வாங்குவதானாலும் திருமணப் பணத்தைத் தொடாமல், இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகைக்கு மட்டும் வாங்குங்கள். அந்த நண்பரிடம், தகுதி பெற்ற நிலவியலாளர் கையெழுத்திட்ட தாது இருப்பு அறிக்கையையும் சுரங்க உரிமத்தின் நகலையும் கேளுங்கள். அவை வந்தாலும் என்னிடமோ வேறோர் ஆலோசகரிடமோ காட்டும்வரை முன்பணம் என்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.