போர் தண்ணியும் வாட்டர் பம்பும்: வாசகர் கேள்விகள்

சித்திரை வெயில் ஏறியதும் பட்டறைக்குச் சூடேறிய வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும், எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பைச் சுற்றித்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணே, காலையில் காரை எடுத்தால் தரையில் கை அகலத்துக்கு ஈரம். பச்சையாக இருக்கிறது. ரேடியேட்டர் ஓட்டை, மாற்று என்கிறார்கள். மாற்றிவிடவா? (மேலூர்)

அவசரப்படாதீர்கள். இன்று ராத்திரி ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரியுங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் ஓடும் பக்கம் விழுந்திருந்தால் எனக்குப் பம்ப் மேல்தான் சந்தேகம்.

பம்பின் உடம்பில், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால், தீக்குச்சி நுழைகிற மாதிரி ஒரு சின்னத் துளை இருக்கும். வீப் ஹோல் என்போம். பம்புக்குள் ஒரு பக்கம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், மறுபக்கம் தண்டைத் தாங்கும் பேரிங், நடுவில் கசிவைத் தடுக்க ஒரு சீல். சீல் தேய்ந்து கசிய ஆரம்பித்தால், அது பேரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். துளையைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருந்தால் பம்பை மாற்றிவிடுங்கள். துளையைப் பசை வைத்து அடைத்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. கசிவு உள்ளேயே தங்கி, பேரிங் இறுகி, பெல்ட்டையும் அறுத்திருந்தது.

இன்னொன்று. தரையில் சிந்தியதை அப்படியே விடாதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மண்ணைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள், அப்புறம் கழுவுங்கள்.

மூன்று வருடமாக எங்கள் போர் தண்ணியைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே, கூலன்ட் அவசியமா? (உசிலம்பட்டி)

அவசியம். உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியைப் பாருங்கள். அதில் படிந்திருக்கிற வெள்ளைச் செதில்தான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. கம்பியை மாற்றிவிடலாம். எஞ்சின் பிளாக்குக்குள் கைவிட்டுச் சுரண்ட முடியாது. செதில் படிந்த இடத்தில் சூடு இறங்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும், உதிர்ந்த துகள் பம்ப் சீலை உரசித் தேய்க்கும்.

போன கோடையில் இதே மாதிரி உப்புத் தண்ணீர் ஓடிய ஒரு வண்டியின் பம்பைக் கழற்றினேன். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரின் இறக்கைகள், ஓரம் கருகி உதிர்ந்த அப்பளம் மாதிரி அரித்துப்போயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் பம்ப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் தள்ளுவதற்கு இறக்கையே இல்லை. ஒரு சொட்டுக் கசிவும் கிடையாது என்பதால் அவருக்குத் தெரியவே இல்லை.

கூலன்ட் வெறும் கலர் தண்ணீர் இல்லை. துருவைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் 100 டிகிரியிலிருந்து 106, 107 டிகிரிக்குப் போகும். கலப்பதற்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலன்ட் என்றால் டிஸ்டில்ட் வாட்டரும் வேண்டாம், அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டிப் புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. முதலில் பழைய தண்ணீரை முழுதாக இறக்கி, உள்ளே அலசி ஃபிளஷ் செய்துவிடுங்கள்.

மதுரைக்குள் ஓட்டும்போது சூடு முள் நடுவில் நிற்கிறது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறினால் மேலே போகிறது. பம்ப் போய்விட்டதா? (திருநகர்)

இருக்கலாம், ஆனால் முதலில் மலிவானதைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடி. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் கூலன்ட் சீக்கிரம் கொதிக்காது; மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த அழுத்தம் நிற்காது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சரியில்லாத வண்டியில் கூலன்ட்டும் சீக்கிரம் கொதிக்கும். அடுத்து ஃபேன் ஓடுகிறதா, ரேடியேட்டரில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் பம்பையும் பாருங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை, ஹீட்டரை முழுதாக வையுங்கள், எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, பீய்ச்சி அடித்து முகமும் கையும் வெந்துவிடும். பல வண்டிகளில் பம்பும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடும். அதனால் பேட்டரி விளக்கு எரிந்து கூடவே சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது 'பக்கத்து ஊர் வரைக்கும்' என்று ஓட்டாதீர்கள். சூட்டில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்தால் செலவு பம்பைப் போலப் பல மடங்கு.

பெல்ட் பக்கம் 'கர்ர்' என்று சத்தம். பெல்ட்டா, பேரிங்கா? (வாடிப்பட்டி)

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் புல்லியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், சுற்றியும் பாருங்கள். ஆடினாலோ சொரசொரவென்று சுற்றினாலோ பேரிங் போய்விட்டது.

டைமிங் பெல்ட் மாற்றப்போகிறேன். நன்றாக ஓடும் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். தேவையா? (திருமங்கலம்)

டைமிங் பெல்ட் என்பது வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று இசைந்து ஓடவைக்கும் பெல்ட். உங்கள் வண்டியில் பம்ப் அந்தப் பெல்ட்டில் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் சொல்வது சரி. பின்னால் பம்ப் மட்டும் போனாலும் இதே வேலையை மறுபடி பிரிக்க வேண்டும், கூலியும் இரண்டாவது தடவை. பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பம்ப் வெளியே தனி பெல்ட்டில் ஓடுகிறது, கசிவும் ஆட்டமும் இல்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம். மாற்றினால் பழைய பம்பைக் கேட்டு வாங்கி இம்பெல்லரைப் பாருங்கள். இத்தனை நாள் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்பது அதில் தெரியும்.